பத்து நாள் அவகாசம்

கம்ப்யூட்டரின் பின்பக்கச் சல்லடையில் சேரும் தூசியைப் பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தட்டினால் போதும், உதிர்ந்துவிடும். ஈரத்துணி ஆகாது. கிளை நூலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான காரியங்களில் இது ஒன்று. வேங்கிக்காலில் எங்கள் தெருப் பக்கம் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டே இருப்பதால் சிமெண்டுத் தூசிக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒருமுறை தட்டிவிடுவேன். கணவர் போய் இரண்டு வருடம் தாண்டியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அடுத்த மாதம் புது இயங்குதளம் வெளியாகப் போகிறது. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து தினமும் அதைச் சொல்லிவிட்டுப் போகிறது. போன வாரம் எழில் வந்ததும் அதை முன்னிட்டுத்தான்.

எழில் கீழ்பென்னாத்தூர்க்காரன். இருபத்தெட்டு வயது இருக்கும், என்ஜினீயரிங் படித்தவன். என் கணவருக்கு வந்த நோய்தான் அவனுடைய அப்பாவுக்கும் வந்தது. கை, கால், நாக்கு என்று வரிசையாக ஒவ்வொன்றும் அடங்கிப்போகும் நோய். அறிவு மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும். அப்பா பேசுவதற்காக அவன் ஒரு மென்பொருள் எழுதினான். அவர் இறந்த பிறகு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதைச் சும்மாவே போட்டுக் கொடுக்கிறான்.

"இந்தத் தடவ முந்திக்கிட்டேம்மா" என்றான். "புது சிஸ்டம் வர்ற அன்னிக்கே நம்ம புரோகிராமும் அதுல ஓடும். போன தடவ மாதிரி யாரும் ரெண்டு மாசம் வாயடச்சிக் கெடக்க வேணாம்."

மென்பொருளோடு குடும்பங்கள் படிக்கிற மாதிரி சில பக்கங்கள் சேர்க்கிறானாம். அதில் ஒன்றை நான் எழுத வேண்டும் என்றான். சரி என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. மெருகு போட எனக்குத் தெம்பில்லை.

என் கணவர் கண்ணாயிரம் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். கீழே உள்ளவர்கள் எழுதிவரும் குறிப்புகளைத் திருத்தி மேலே அனுப்புவது அவர் வேலை. அந்த வேலை வீட்டுக்குள்ளும் வரும். மளிகைச் சீட்டில் கூட நான் எழுதிய வரிசையை மாற்றி எழுதுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், சொன்னது நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு நின்று நாலாம் மாதம் எழில் வந்து கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கு எதிரே வைத்துக் கொடுத்தான். நெற்றியில் ஒரு பட்டை கட்ட வேண்டும். திரையில் எழுத்து வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமாகும். வேண்டிய வரிசை வந்ததும் வலது புருவத்தைத் தூக்க வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து. 'தண்ணீர்' என்று முடிக்க இரண்டு நிமிடம் பிடிக்கும். முடித்ததும் ஒரு பெண் குரல் அதை வாசிக்கும். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், ரயில் நிலையத்தில் கேட்பது போல. புருவத்தை இறக்காமல் பிடித்திருந்தால் அழைப்பு மணி அடிக்கும். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு புருவம். அதைக் கொண்டு அவர் மறுபடி ஆபீஸ் நடத்த ஆரம்பித்தார்.

'தலையணை சரிந்துள்ளது' என்று குரல் சொல்லும். அடுப்படியிலிருந்து நான் வர ஐந்து நிமிடம் ஆனால், 'நினைவூட்டு ஒன்று. தலையணை' என்று சொல்லும். அதற்கும் வராவிட்டால், 'நினைவூட்டு இரண்டு. உடன் நடவடிக்கை தேவை.' அலுவலகத்தில் பதில் வராத கடிதத்துக்கு இப்படித்தான் அடுத்தடுத்து அனுப்புவார்களாம். முதலில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் ஒரே பெண் கவிநிலா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். ஒரு தடவை, "அப்பா, பாத்து, அம்மாவ சஸ்பெண்ட் பண்ணிடாதீங்க" என்றாள். அவர் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு பதில் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்றது அந்தக் குரல். அன்று மூவரும் சிரித்தோம். அவர் சிரிப்பது கண்ணில் மட்டும்தான் தெரியும்.

இரண்டரை வருடம் போயிற்று. நான் நூலக வேலையை விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். தொண்டையில் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வயிற்றுக் குழாயில் கஞ்சி விட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உடம்பு வேலை செய்தால் உடம்பு அலுக்கும், தூங்கினால் சரியாகிவிடும். அந்தக் குரல்தான். குளிக்கும்போது கேட்கும். அவர் தூங்கும்போதும் எனக்குக் கேட்கும். மோட்டார் ஓடும் சத்தத்தில் நினைவூட்டு ஒன்று என்று கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் ஜாஸ்தி வேலை ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவேன்.

அந்த வருடம் புரட்டாசிப் பௌர்ணமி அன்று காலை நான் கிரிவலம் போனேன். திட்டம் போட்டுப் போகவில்லை. விடியும் முன்பே தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவருக்குக் கஞ்சி விட்டு, துடைத்து, பட்டையைக் கட்டிவிட்டு, "பின்னாடி துணி துவைக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஆட்டோ பிடித்து கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்தில் இறங்கி நடந்தேன். பதினாலு கிலோமீட்டர். வழியில் சுக்குக் காபி வாங்கிக் குடித்தேன். யாரோ ஒரு அம்மாள் தன் மருமகளை என்னிடம் ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டே வந்தாள். அவள் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவ்வளவு இதமாக இருந்தது. பாதி வழியில் திரும்பியிருக்கலாம். கிரிவலத்தில் பாதியில் திரும்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தலை தலையணையிலிருந்து சரிந்து கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. பட்டை கண்ணுக்கு மேல் இறங்கியிருந்தது. அது இறங்கிவிட்டால் புருவத்தைத் தூக்கினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. படுக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன். பட்டையைச் சரிசெய்ததும் அவர் ஒரே ஒரு சொல் எழுதினார். 'எங்கே.' பின்னாடிதான் இருந்தேன் என்றேன். அவர் கீழே பார்த்தார். வெகு நேரம் கழித்துக் குரல் சொன்னது. 'பாதத்தில் புழுதி.'

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார். வாசிக்க விடாமல், குரலை நிறுத்திவைத்துவிட்டு எழுதினார். அந்த வாரம்தான் அப்போதைய புது சிஸ்டம் வெளியானது. புதன்கிழமை எழில் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பெட்டி வரும்மா, இப்பவே போட்டுக்கலாமான்னு கேக்கும். போட்டுடாதீங்க. நம்ம புரோகிராம் அதுல ஓடாது. எனக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க, மாத்தி எடுத்தாந்துடறேன்."

போனை வைத்ததும் கண்ணாயிரம் குரலைத் திறந்தார். 'வேண்டாம் என அழுத்தவும்.' சரிங்க என்றேன். வியாழக்கிழமை காலை, 'நினைவூட்டு ஒன்று. வேண்டாம் என அழுத்தவும்.' அழுத்தினேன். அவர் பார்க்கத்தான் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவர் அசந்து தூங்கியபோது குறிப்பைப் படித்தேன். ஆபீஸ் முறைப்படி இருந்தது. பெறுநர், கவிநிலா. பொருள், வீட்டு நிர்வாகம் தொடர்பாக. முதல் பத்தி: பௌர்ணமியன்று காலை 5.10 முதல் 10.20 வரை உன் தாயார் வீட்டில் இல்லை. கேட்டதற்குப் பின்புறம் இருந்ததாகத் தெரிவித்தார். அவருடைய பாதங்களில் புழுதி காணப்பட்டது. இரண்டாம் பத்தி: இதற்கு முன்பும் மூன்று முறை அழைப்பு மணியை அணைத்துவிட்டு உறங்கியுள்ளார், ஆவணி மாதத்தில் ஒருமுறை கை ஓங்கினார்.

எழுதியிருந்தது எல்லாம் உண்மை. ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை. மூன்று நாளாக அந்தப் புருவத்தால் இழைத்து இழைத்து எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கவிநிலா கூப்பிடும்போது அந்தப் பெண் குரல் இதை அவளுக்கு வாசித்துக் காட்டும். நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி வந்தது. நெற்றியில் வேர்த்திருக்கிறது என்று சொல்லிப் பட்டையைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மவுசை நகர்த்தி, சரி என்று அழுத்தினேன். கை நடுங்கும் என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கேஸ் அடுப்பை அணைப்பது போல இருந்தது.

ஒரு மணி நாற்பது நிமிடம் பிடித்தது. திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே வந்தது. நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நூறு ஆகும்வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். எழுபதுக்கு மேல் அவர் புருவம் நிற்காமல் ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துவிட்டேன்.

சாயந்திரம் நானே எழிலுக்குப் போன் செய்து, தெரியாமல் கை பட்டுவிட்டது என்றேன். அவன் பதறிவிட்டான். அப்புறம், பரவாயில்லை, இதற்கு வழி உண்டு என்றான்.

"பத்து நாள் அவகாசம் இருக்கும்மா. அதுக்குள்ள பழைய சிஸ்டத்துக்கே திரும்பிடலாம். மூணு எடத்துல அழுத்துனா போதும். பத்து நாளு தாண்டிட்டா பழசு தானா அழிஞ்சிடும், பாத்துக்குங்க."

எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னதைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டேன். அப்போதும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அவரும் கேட்டார்.

ஆகவே அந்தப் பத்து நாளும் எங்கள் இருவருக்கும் கணக்குத் தெரியும். நான் கட்டில் அருகே போகும்போதெல்லாம் புருவம் ஏறும். கஞ்சி விடும்போது ஏறும். துணி மாற்றும்போது ஏறும். அவர் திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி திரையைப் பார்ப்பார். நான் அவரைக் கவனிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்லப்போனால் அந்தப் பத்து நாளில்தான் நேரம் தவறாமல் புரட்டினேன். அவர் நினைவூட்டாமலே எல்லாம் நடந்தது. நினைவூட்டத் தேவையே இல்லை என்பதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது. பத்தாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டினேன், விளம்பரம் உட்பட. அன்று அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பதினோராம் நாள் எழிலைக் கூப்பிட்டு, "அவருக்குப் புருவமும் நின்னுபோச்சுப்பா" என்றேன். அவன் அப்பாவுக்கும் கடைசியில் அப்படித்தான் ஆனதாம். கவிநிலாவிடமும் அதையே சொன்னேன்.

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்து ஊர் அடங்கியபின், மார்கழி முதல் வாரத்தில், மாற்றிய மென்பொருளோடு நேரிலேயே வந்துவிட்டான். "ஒரு தடவ பட்டையக் கட்டிப் பாக்கலாமா, சின்ன அசைவு இருந்தாக்கூடப் போதும்" என்றான். வாசலிலேயே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தேன். இப்போதுதான் கண் அசந்தார், எழுப்ப வேண்டாம் என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் விழித்திருந்தார். எங்கள் பேச்சு அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அவன் போன பிறகு கட்டிலைத் திருப்பிப் போட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கிடந்தால் ஏக்கம் வரும். ஜன்னல் பக்கம் திருப்பினால் மலை தெரியும். எத்தனையோ ஊரிலிருந்து காசு செலவழித்து வந்து பார்க்கிற மலை. அவருக்குப் படுத்தபடியே கிடைத்தது. திருப்பியதில் அவர் முகம் எனக்குத் தெரியாமல் போனது உண்மைதான். வேலை செய்ய அது வசதியாகவும் இருந்தது.

பொங்கலுக்குக் கவிநிலா வந்தாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா என்னப் பாத்து புருவத்த தூக்குறாரும்மா."

"அது சும்மா நரம்பு இழுக்குறது கண்ணு. செவுத்தப் பாத்தும் தூக்குவாரு."

அவள் ரொம்ப நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் புருவத்தின் மேல் கையை வைத்து, குழந்தைகளுக்குச் செய்வதுபோல மெதுவாக நீவிவிட்டாள், அது அடங்கட்டும் என்று. அம்மா சொன்னால் அவள் நம்புவாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகியிருந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனேன். பித்தப்பை சீழ்பிடித்து உள்ளேயே உடைந்துவிட்டது என்றார்கள். சின்ன வயது டாக்டரம்மா, என்னைத் தனியாக அழைத்து, பத்து நாளாவது தாங்க முடியாத வலி இருந்திருக்கும், எதையாவது காட்டினாரா என்று கேட்டார். அவருக்கு ஒரு வருடமாக எதுவும் புரிவதில்லைங்க என்றேன். அந்தப் பத்து நாளும் புருவம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடித்ததை ஜன்னல் கண்ணாடியில் பார்த்திருந்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் இறந்தார். வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். முதுகில் ஒரு புண் இல்லை என்று குளிப்பாட்டிய பெண்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

போன வாரத்துக்கு வருகிறேன். பழைய கோப்புகள் புது மென்பொருளில் திறக்கின்றனவா என்று எழில் இந்தக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தான். ஒரே ஒரு கோப்பு திறந்தது. படித்தவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "சார் உங்களுக்கு லீவு சாங்ஷன் பண்ணியிருக்காரும்மா" என்றான்.

மூன்றாம் பத்தி ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலையில், நான் அடுப்படியில் இருந்தபோது முடித்திருக்கிறார். மேற்கண்டவை குற்றச்சாட்டுகள் அல்ல. தொடர்ந்து இரண்டரை ஆண்டுகள் ஒரு நாளும் விடுப்பின்றிப் பணிபுரிந்ததன் விளைவுகள். எனவே அன்னாருக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு உடனடியாக வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. நீ நேரில் வந்து பொறுப்பேற்கவும். மறுத்தால் கட்டாயப்படுத்தவும்.

குறிப்பு என்றால் முதலில் விவரம், கடைசியில்தான் பரிந்துரை. முப்பது வருடம் அவர் ஆபீஸ் கதை கேட்டவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டு மனுஷிக்கு எழுதும்போதாவது கடைசிப் பத்தியை முதலில் எழுதியிருக்கலாம்.

கிளம்பும்போது எழில் ஒரு சந்தேகம் கேட்டான். அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவர் நானூறு தடவைக்கு மேல் புருவத்தைத் தூக்கியதாகக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறதாம். அத்தனை பலத்தோடு இருந்தது அடுத்த பத்து நாளில் எப்படி நின்றது, எந்த நாளில் நின்றது என்று குறித்துத் தந்தால் மற்றவர்களுக்கு உதவும் என்றான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வேலைக்காகக் கேட்டான். எழுதித் தருகிறேன் என்றேன்.

எழில், அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வரைக்கும் ஏறி இறங்கியது. புது சிஸ்டத்தை நான் தெரிந்துதான் போட்டேன். பத்து நாளும் தெரிந்துதான் விட்டேன். நீ வாசலில் உட்கார்ந்து காபி குடித்தபோது உள்ளே அவர் உனக்காகத்தான் புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். நாள் குறிக்கச் சொன்னாய், குறிக்க நாள் இல்லை.

இதைச் சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம். போலீசுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் சரி. கவிநிலாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சேர்த்தால் ஒன்றை மட்டும் எடுத்துவிடாதே. குடும்பங்கள் படிக்கிற பக்கம், தப்பாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் கடைசி ஒன்பது மாதமும் எங்கள் வீடு அமைதியாகத்தான் இருந்தது. அவருக்கு என்மேல் எந்த வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.